ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கேம்பஸ் வாழ்க்கையைப் பார்த்து முடிவெடுப்பது சரியா?

சரிதான். "படிக்கப் போறாளா, கூத்தடிக்கப் போறாளா" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். அவர்களுக்கு ஒரே பதில்: இந்த மூன்றையும் படிப்பை வைத்துத் தரம் பிரிக்க இளங்கலை அளவில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் உதவித்தொகைக் கடிதங்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை வித்தியாசப்பட்டால், கூடக் கொடுத்த இடத்தின் கடிதத்தை இணைத்து மற்ற இரண்டிடமும் மறுபரிசீலனை கேளுங்கள். கேட்பது வழக்கம்தான், அதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். அதன் பிறகும் பெரிய இடைவெளி இருந்தால் செலவு குறைந்த இடத்துக்கே அனுப்புங்கள். இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

செலவு சமம் என்றால் ஒன்றைப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதை யார், எந்த வருடம் தீர்மானிக்கிறார்கள்? மூன்று இடத்துக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

யேலில் அவள் போய் இறங்குவதற்கு முன்பே அது முடிவாகிவிடும். தங்குமிடமும் மெஸ்ஸும் சேர்ந்த 14 'ரெசிடென்ஷியல் காலேஜ்'களில் ஒன்றைக் கோடையிலேயே ஒதுக்கிவிடுவார்கள், நான்கு வருடமும் அதுதான். முதல் வருடம் பெரும்பாலோர் ஓல்ட் கேம்பஸ் என்ற பொது விடுதிப் பகுதியில் தங்கினாலும் தன் காலேஜ்காரர்களோடுதான் இருப்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, யாரும் தள்ளிவைக்கவும் முடியாது. குறை எங்கே என்றால், மூன்றாம் வருடத்திலிருந்து பலர் வெளியே வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்போது மெஸ் மேஜை காலியாகத் தொடங்கும்.

ஹார்வர்டில் முதல் வருடம் முழுக்க எல்லோரும் ஹார்வர்ட் யார்டு பகுதியில் தங்கி, ஆனன்பெர்க் என்ற ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள். சிக்கல் இரண்டாவது செமஸ்டரில் வரும். அதிகபட்சம் 8 பேர் சேர்ந்து, ஒன்றாகத் தங்கப்போகும் 'பிளாக்கிங் குரூப்' பதிய வேண்டும். அந்தக் குழுவுக்கு 'ஹவுஸ்' எனப்படும் 12 விடுதிகளில் ஒன்று குலுக்கலில் விழும். ஆகஸ்டில் அறிமுகமானவர்களில் யாரோடு மூன்று வருடம் இருப்பது என்று மார்ச்சுக்குள் சொல்லியாக வேண்டும். சேர்ந்து சுற்றியவர்கள் பத்துப் பேர் என்றால் இரண்டு பேரைக் கழற்றிவிட வேண்டும். அழுகை, பேச்சுவார்த்தை முறிவு எல்லாம் அந்த மாதத்தில்தான். 9 ஹவுஸ்கள் ஆற்றுப் பக்கம். கேபட், கரியர், ஃபோர்ஸைமர் மூன்றும் தள்ளி குவாட் என்ற பகுதியில் இருக்கின்றன. அங்கே விழுந்தால் ஜனவரிக் குளிரில் ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மாணவர் சங்கங்கள் சிலவற்றில் சேரவும் 'காம்ப்' என்ற தேர்வுக் கட்டம் உண்டு. ஃபைனான்ஸ், கன்சல்டிங் சங்கங்களில் அது வேலை இன்டர்வியூ மாதிரியே நடக்கும். பள்ளியில் தோற்றே பழகாத பிள்ளைகள் முதல் செப்டம்பரிலேயே இரண்டு மூன்று நிராகரிப்பு வாங்குவது அங்கே சாதாரணம்.

பிரின்ஸ்டனில் முடிவு இரண்டாம் வருடம் வரை தள்ளிப்போகும். ஆனால் வரும்போது அழுத்தமாக வரும். முதல் இரண்டு வருடம் ரெசிடென்ஷியல் காலேஜில் தங்கிச் சாப்பாடு. பிறகு பெரும்பாலோர் பிராஸ்பெக்ட் அவென்யூவில் உள்ள 11 'ஈட்டிங் கிளப்'களில், அதாவது உறுப்பினர்கள் சேர்ந்து சாப்பிடும் கிளப்களில், ஒன்றில் சேருவார்கள். இவை பல்கலைக்கழகத்தின் சொத்து அல்ல, தனியார் அமைப்புகள். பாதிக்கு மேற்பட்டவை ஆளைப் பார்த்துத்தான் எடுக்கும். அதற்குப் பெயர் 'பிக்கர்'. இரண்டாம் வருடத்தின் இரண்டாவது செமஸ்டர் தொடக்கத்தில் சில நாட்கள் பேச்சும் விளையாட்டும் நடத்தி, உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். கிடைக்காவிட்டால் 'ஹோஸ்' ஆகிவிட்டான் என்பார்கள். ஆறு தோழிகள் ஒன்றாகப் போய் நான்கு பேருக்குக் கிடைத்தால், மறுநாளிலிருந்தே சாப்பாட்டு மேஜை இரண்டாகும். மற்ற கிளப்களில் பெயர் பதிந்தால் பெரும்பாலும் இடம் உண்டு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கிளப் கட்டணம் பல்கலைக்கழக மெஸ்ஸைவிட அதிகம். உதவித்தொகையில் அதற்கு எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். சைவக் குடும்பம் என்றால் '2 டிக்கின்சன்' கோ-ஆப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் முறை வைத்துத் தாங்களே சமைக்கும் சைவச் சமையலறை அது. இந்தியர்கள் நிறைய வாழும் எடிசன் பக்கத்து இட்லி தோசைக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி மெட்ரோபார்க்கில் இறங்கினால் போதும். நாலாம் வருடம் பெரும்பாலோருக்கு ஆய்வேடு கட்டாயம் என்பதால் மார்ச், ஏப்ரலில் மூத்த மாணவர்களைக் கண்ணிலேயே காண முடியாது.

கிளப்களைத் திட்டுகிறேன் என்று அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றில் சந்தோஷமாக இருப்பவர்கள் ஏராளம். மூன்று கிளப்களைப் பெண்களைச் சேர்க்க வைக்க 1979இல் தொடங்கிய வழக்கு 1990களின் தொடக்கம் வரை இழுத்தது என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்று. விண்ணப்பக் கட்டுரை திருத்தித் தர லட்சக்கணக்கில் வாங்கும் ஆலோசகர்கள், இடம் கிடைத்த மறுநாள் உங்கள் பிள்ளை படத்தை விளம்பரத்தில் போடுவார்கள். மேலே சொன்னதில் ஒன்றைக் கேளுங்கள், ரேங்கிங் பட்டியலைத் தூக்கி நீட்டுவார்கள். அந்தப் பட்டியலில் சாப்பாட்டு மேஜை கிடையாது.

ஏப்ரலில் இடம் கிடைத்தவர்களுக்காக நடத்தும் விசிட்டாஸ் (ஹார்வர்ட்), புல்டாக் டேஸ் (யேல்), பிரின்ஸ்டன் பிரிவ்யூ எல்லாம் கல்யாண வீடு மாதிரி, எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். போக முடிந்தால் நிகழ்ச்சி ஒன்றைத் தவிர்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் உட்காரச் சொல்லுங்கள். தனியாகத் தட்டோடு வருபவரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கட்டும். போக முடியாவிட்டால் ஹார்வர்ட் கிரிம்சன், யேல் டெய்லி நியூஸ், டெய்லி பிரின்ஸ்டோனியன் என்ற மாணவர் பத்திரிகைகள் மூன்றின் பழைய இதழ்களையும் இணையத்தில் படிக்கலாம். பிப்ரவரி, மார்ச் மாதக் கருத்துப் பக்கங்களில் உண்மை வெளிவரும். கல்லூரிகளே வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவர ஆவணத்தின் எஃப் பகுதியில் எத்தனை சதவீதம் பேர் வளாகத்தில் தங்குகிறார்கள் என்ற கணக்கு இருக்கும்.

இரண்டாம் வருட மாணவர் யாரிடமாவது பேச வாய்த்தால் "பிடித்திருக்கிறதா" என்று கேட்க வேண்டாம். "போன வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே, யாரோடு சாப்பிட்டீர்கள்" என்று கேட்கட்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹாஸ்டலும் மெஸ்ஸும் என்றைக்கு மூடும், ஊருக்கு வர முடியாதவர் தங்க அனுமதி தனியாக வாங்க வேண்டுமா என்பதை மட்டும் மாணவரிடம் கேட்காமல் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எந்த இடத்தில் சேருவது என்று பதில் சொல்லக் கடைசி நாள் வழக்கமாக மே 1. அதற்கு இரண்டு வாரம் முன்பே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.