கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்கள் பாவம்தானே?

பதில்: மொரார்ஜி தேசாயின் கதையைக் கேளுங்கள். 1896 பிப்ரவரி 29இல் பிறந்தார், நாலு வருஷம் பொறுத்தால் 1900 வந்தது, ஆனால் நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு கிடையாது என்பதால் அதுவும் போச்சு; முதல் 'அசல்' பிறந்தநாள் வந்தபோது அவருக்கு எட்டு வயது! 99 வயதுவரை வாழ்ந்தவருக்கு மொத்தமே 23 தடவைதான். மெழுகுவர்த்தி செலவு மிச்சம்.

கேள்வி: சரி, தினமும் ஏதோ ஒரு 'உலக தினம்' வருகிறதே, உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: மார்ச் 20, மகிழ்ச்சி தினம். ஐ.நா. 2012இல் அறிவித்தது. போன வருஷம் விடிந்ததுமே வாழ்த்துகள் குவிய, ஒவ்வொன்றுக்கும் பதில் தட்டித் தட்டிக் கட்டைவிரல் மரத்துப்போய், அன்று முழுக்க சிடுசிடுவென்று இருந்தேன்.