கொசோவோ: பெயருக்குள் ஒரு பறவை

கேள்வி: தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள கொசோவோ என்ற நாட்டின் பெயர் ஒரு பறவையிலிருந்து வந்தது என்று சிலரும், புல்லறுக்கும் அரிவாளைக் குறிக்கும் ‘கோசா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: பறவைதான். இதற்குச் சான்று அந்தப் பெயரின் இலக்கணத்திலேயே இருக்கிறது. செர்பியம், குரோவாசியம், பல்கேரியம், செக், போலிஷ் ஆகிய ஸ்லாவிய மொழிகளில் ‘கோஸ்’ என்பது ஆங்கிலத்தில் பிளாக்பேர்ட் எனப்படும் பாடும் பறவையின் பெயர். அதில் ஆண் பறவை கரிய உடலும் மஞ்சள் அலகும் கொண்டது. ஆண்பால் பெயர்ச்சொற்களோடு ‘ஓவ்’ என்ற விகுதி சேர்ந்தால், நம் ஆறாம் வேற்றுமையைப் போலக் கிழமைப் பொருள் தரும் பெயரடை பிறக்கும். அதனோடு, தமிழின் ஒன்றன்பாலுக்கு இணையான பாலைக் காட்டும் ‘ஓ’ சேர்ந்து ‘கொசோவோ’ ஆகிறது. ஆகவே இது தனித்து நிற்கும் பெயர்ச்சொல்லே அல்ல. தனக்குப் பின்னால் ஒரு பெயரை எதிர்பார்க்கும் அடைமொழி. அந்தப் பெயர் ‘போல்யே’, அதாவது சமவெளி. ‘கொசோவோ போல்யே’ என்ற முழுத்தொடரில் பிற்பகுதி உதிர்ந்து, அடைமொழி மட்டும் நாட்டின் பெயராக நிலைத்துவிட்டது.

அரிவாள் என்ற விளக்கம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ‘கோசா’ என்பது ‘ஆ’ என்று முடியும் பெண்பால் சொல். அத்தகைய சொற்கள் ‘ஓவ்’ விகுதியை ஏற்பதில்லை, ‘இன்’ விகுதியையே ஏற்கும். அதன்படி ஊரின் பெயர் ‘கோசினோ’ என்றுதான் அமைந்திருக்க வேண்டும். ‘கோஸ்’ என்பது பறவையின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு மனிதராகவும் இருக்கலாம் என்பதற்கு மட்டும் இலக்கணம் இடம் தருகிறது. ஆயினும் அண்டை மொழியினர் பறவையாகவே புரிந்துகொண்டார்கள். செர்பிய இளவரசர் லாசார், ஒட்டோமான் சுல்தான் முதலாம் முராத் ஆகிய இருவரும் மாண்ட 1389ஆம் ஆண்டுப் போர்க்களமான இந்தச் சமவெளியை ஜெர்மானியர் ‘ஆம்செல்ஃபெல்ட்’ என்றும் ஹங்கேரியர் ‘ரிகோமெசோ’ என்றும் மொழிபெயர்த்தே வழங்கினர். இரண்டிலும் முன்பாதி பறவை, பின்பாதி வெளி.

கொசோவோவின் தலைநகரான பிரிஷ்டினாவை அடுத்த சமவெளிக்கு உரிய இந்தப் பெயர் பெரியதொரு நிலப்பரப்புக்கு உரியதாக விரிந்ததில், 1877இல் ஒட்டோமான் அரசு அமைத்த கொசோவோ மாகாணத்துக்குப் பெரும் பங்குண்டு. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் வட்டாரத்திலும் குரோவாசியாவின் க்னின் அருகிலும் இதே பெயரில் இடங்கள் உள்ளன. பறவை எங்கும் இருப்பதுதானே!

கேள்வி: பெயர் ஸ்லாவியச் சொல் என்றால், அங்கே முதலில் வாழ்ந்தவர்களும் ஸ்லாவியர்களே என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. இந்த வாதம் செர்பியர், அல்பேனியர் ஆகிய இரு தரப்பிலும் கசப்பை வளர்ப்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பெயர் நிலைபெற்ற காலத்தில் அதை வழங்கியவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பதைத்தான் ஓர் இடப்பெயர் சொல்லும். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. ஸ்லாவியர் பால்கனில் பரவலாகக் குடியேறியது 6, 7ஆம் நூற்றாண்டுகளில். அதற்கு வெகு காலம் முன்பே இப்பகுதி தர்தானியா எனப்பட்டது; இன்றைய பிரிஷ்டினாவுக்கு அருகில் உல்பியானா என்ற ரோமானிய நகரமும் இருந்தது. வடகிழக்கே செர்பியாவில் உள்ள நிஷ் நகரத்தின் பெயரோ ‘நாயிசுஸ்’ என்ற பழம்பெயரின் தேய்ந்த வடிவம். அல்பேனியர் கொசோவோவின் ஸ்லாவியப் பெயரை ஏற்று, தம் இலக்கணத்துக்கு ஏற்பக் ‘கொசோவா’ என்கிறார்கள். சமவெளியைக் குறிக்க மட்டும் தம் சொல்லையே வைத்து ‘ஃபூஷ கொசோவ’ என்பார்கள்.

கேள்வி: போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ என்ற பெயரின் ஈறும் இதே விகுதிதானா?

பதில்: அதே விகுதியின் இன்னொரு வடிவம். ‘ய்’ போன்ற மெல்லொலிக்குப் பின் ‘ஓவ்’ என்பது ‘ஏவ்’ ஆகிவிடும். சரயேவோவின் அடிச்சொல் மாளிகையைக் குறிக்கும் ‘சராய்’ என்ற துருக்கிச் சொல். 15ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஒட்டோமான் ஆளுநரின் மாளிகையை அது குறிக்கும். ‘மாளிகைச் சமவெளி’ எனப் பொருள்படும் ‘சராய் ஓவாசி’ என்ற துருக்கித் தொடரின் திரிபு என்றும் சிலர் விளக்குவர். செர்பியாவின் க்ராலியேவோவில் ஐயத்துக்கு இடமில்லை. 1882இல் மிலான் மன்னர் காலத்தில் கரானோவாட்ஸ் என்ற ஊருக்குச் சூட்டப்பட்ட புதுப்பெயர் அது. ‘க்ரால்’ என்றால் மன்னர். அந்தச் சொல்லே கார்ல் என்ற பெயரிலிருந்து, அதாவது பேரரசர் ஷார்லமேனின் பெயரிலிருந்து, ஸ்லாவிய மொழிகளுக்குள் வந்தது என்பது மொழியியலாளர் பெரும்பாலோரின் முடிவு.