துப்பாக்கி வெடித்த பிறகு ஓடினாலும் எப்படி ஃபவுல் ஆகும்?

ஓட்டப் பந்தயத்தில் ஒரு வீரர் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகுதானே ஓடினார், அவரை ஏன் வெளியேற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காதில் விழுந்து, மூளை சொல்லி, கால் உதைக்கக் குறைந்தது 0.100 விநாடியாவது ஆகும் என்பது தடகள விதியின் கணக்கு. அதற்கு முன்பே பிளாக்கை, அதாவது கிளம்பும்போது கால் ஊன்றும் கட்டையை, உதைத்தால், குத்துமதிப்பாகக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். 2022 யூஜீன் உலகப் போட்டியில் ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவான் ஆலனுக்குக் கருவி 0.099 விநாடி காட்டியது, அவ்வளவுதான், வெளியே. ஆயிரத்தில் ஒரு பங்குக்காக! எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. 2011 டேகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் கதை வேறு, அவர் வெடிக்கும் முன்பே பாய்ந்துவிட்டார், பனியனைக் கழற்றிக்கொண்டே நடந்தார், யோஹான் பிளேக் 9.92 விநாடியில் தங்கம் வாங்கினார்.

அப்புறம் இன்னொன்று. பள்ளி நாட்களில் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில் ஓடினேன். சுண்ணாம்புக் கோடுதான், பிளாக் எல்லாம் கிடையாது, ஸ்டார்ட்டர் முதல் லேன் ஓரம் நின்று கிளாப்பரை (இரண்டு மரப்பலகைகள்) தட்டுவார், நான் எட்டாவது லேன். ஒரு லேன் 1.22 மீட்டர், ஆக முதல் லேன்காரரைவிட அந்தச் சத்தம் என்னிடம் வர எப்படியும் 0.025 விநாடி கூடுதல். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் வைப்பது இதனால்தான்.