ரயில் போகாத பாலத்தை ஏன் இடிக்கல?

கேள்வி: பொண்ணு மான்செஸ்டர்ல இருக்கா. டெர்பிஷயர்ல மான்சல் டேல்ங்கற பள்ளத்தாக்குல பழைய கல்லு ரயில் பாலத்து மேல நடந்து போற வீடியோ அனுப்பினா. அதுல ரயில் நின்னு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். இடிஞ்சு விழாதா? ஏன் இடிக்காம வெச்சிருக்காங்க?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ரயில் கேள்வி பெரம்பூர்ல இருந்து வரலேன்னாதான் அதிசயம்! அது ஹெட்ஸ்டோன் பாலம்மா, மிட்லாண்ட் ரயில்வே கட்டி 1863ல திறந்தது, ‘வை’ங்கற ஆத்துக்கு மேல 5 கண்ணு. 1968ல லைனை மூடிட்டாங்க. இதுல காமெடி என்னன்னா, கட்டினதுக்கு ஜான் ரஸ்கின்னு பெரிய எழுத்தாளர் கண்டபடி திட்டினாரு, பக்ஸ்டன்ல இருக்கற முட்டாளெல்லாம் அரை மணி நேரத்துல பேக்வெல் போகவும் அங்க இருக்கறவன் இங்க வரவுமா இப்படி ஒரு பள்ளத்தாக்கையே கெடுத்தீங்கன்னு. இப்ப அதே பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னம்.

விழுமான்னா, சும்மா விழாது. ஆர்ச்சுல பாரம் ஏற ஏற கல்லு ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கும், எடை அப்படியே வளைவு வழியா தூணுக்கு எறங்கிடும், உள்ள கம்பி கிடையாது, துருப்பிடிக்க ஒண்ணுமில்ல. எதிரி தண்ணிதான். மேல மழைத்தண்ணி வடியற வழி அடைச்சுக்கிட்டா நம்ம மொட்டை மாடி கதைதான், தண்ணி உள்ள எறங்கி காரையில இருக்கற சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு கீழ வரும். பழைய பாலம் எதுக்காவது அடியில நின்னு அண்ணாந்து பாருங்க, வெள்ளை வெள்ளையா வழிஞ்சு காய்ஞ்சிருக்கும். அந்த ஊர் குளிர்ல அந்தத் தண்ணி வேற ஐஸாகி உப்பி கல்லைப் பிளக்கும். ஜாயிண்ட்ல செடி முளைச்சா வேர் மிச்சத்தைப் பாத்துக்கும். அதனால வடிகாலை சுத்தமா வெச்சு, செடியைப் பிடுங்கி, காரை பூசிக்கிட்டிருந்தா போதும், ரொம்ப காலம் நிக்கும்.

இடிக்கறதுக்கும் காசு வேணுமே! அதுக்கு ஜனங்க நடக்க, சைக்கிள் ஓட்ட விட்டது புத்திசாலித்தனம்னுதான் நான் சொல்லுவேன். 1981ல நடைபாதை ஆக்கினாங்க, பாலத்தை ஒட்டின சுரங்கத்தை லைட் போட்டு 2011ல திறந்தாங்க. எல்லா ஊர்லயும் இந்தப் புத்தி இல்ல. கிரேட் மஸ்க்ரேவ்னு ஒரு ஊர்ல 2021ல பழைய கல்லு பாலத்துக்கு அடியில கான்கிரீட்டைக் கொட்டி அடைச்சு, பாதுகாப்புக்காகன்னாங்க, ஜனங்க விடாம சண்டை போட்டதுல 2023ல மொத்தத்தையும் தோண்டி எடுத்தாங்க.

கல்லு பாலத்துல ரயிலே போகணும்னு ஆசையா? சென்னையில கொல்லம் எக்ஸ்பிரஸ் ஏறுங்க, செங்கோட்டை தாண்டி கழுதுருட்டி கிட்ட 13 கண் பாலம் வரும், 1904ல திறந்த லைன், 2018ல இருந்து அகலப்பாதை. ஜன்னல் சீட்டா பாத்து புக் பண்ணுங்க.