சர்வதேச அமைதி மாநாட்டுக்குச் செல்லும் சமூகக் குழுக்கள் யாரை அனுப்ப வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்?

சில சிறிய குழுக்கள் சேர்ந்து முதன்முறையாக ஒரு சர்வதேச அமைதி மாநாட்டுக்குப் பேராளர்களை அனுப்பப் போகிறோம், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களையே தேர்ந்தெடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அந்தக் கடைசிப் பகுதிதான் என்னை எழுத வைத்தது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடங்கள் குறைவு, நாளும் நெருங்கிவிட்டது, அமைப்பாளர்கள் பெயர்ப்பட்டியலைக் கேட்டு நெருக்குகிறார்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் நிலைமையும் அதுவாகவே இருந்தது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனாலேயே உங்கள் சார்பில் பேச வேண்டியவரும் அவர்தான் என்று முடிவு செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு பெண்கள் குழு, ஓர் இளைஞர் மன்றம், காணாமல் போனவர்களின் குடும்பத்தார் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வட்டம் ஆகியவை இருந்தன. நான் அதன் செயலாளராக இருந்தேன். எங்களுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. பயணச் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய அமைப்பு, மேடைப் பழக்கமும் மொழித்திறனும் உள்ள ஒருவரின் பெயரைத் தானாகவே குறித்து அனுப்பிவிட்டது. அவர் மதிப்புக்குரியவர், அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இரு சமூகத்தாருக்கு இடையே மோதல் மூண்ட இரவுகளில் இரண்டு பக்கத்து வீடுகளின் கதவையும் தட்டி, இளைஞர்களை வெளியே வரவிடாமல் தாய்மார்களைக் கொண்டே தடுத்து நிறுத்தியவர் பெண்கள் குழுவின் தலைவி. எந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொன்னால் கோபம் தணியும் என்று அறிந்தவர் அவர் ஒருவரே. அமைதியைப் பற்றிப் பேசும் சபைக்கு அமைதியை உண்டாக்கியவரை அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவது என்று கேட்டு அந்த அமைப்புக்கு நான் கடிதம் எழுதினேன். அவர் தம் மொழியிலேயே பேசுவார், இளைஞர் மன்றத்துப் பெண் ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார் என்றும் அதில் உறுதியளித்தேன்.

இதில் எனக்குத் துணிவு தந்த சான்று ஒன்று உண்டு. 1982-இல் ஐ.நா. பொதுச்சபை ஆயுதக் குறைப்புக்காகக் கூட்டிய சிறப்பு அமர்வில், நாகசாகி அணுகுண்டில் உயிர்பிழைத்த செஞ்சி யமாகுச்சி, தீக்காயத் தழும்புகள் தெரியும் தம் புகைப்படத்தைக் கையில் உயர்த்திக் காட்டிப் பேசினார். அவரை அனுப்பிய நிஹோன் ஹிடான்கியோ என்னும் அமைப்பு, குண்டுவீச்சுக்கு ஆளானவர்களே 1956-இல் சேர்ந்து தொடங்கியது. 2024-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அதற்கே கிடைத்தது. பல பத்தாண்டுகளாகத் தம் கதையைத் தாமே எடுத்துச் சென்று சொன்னவர்கள் அவர்கள். மொழித்திறனை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், அந்த மேடைகளில் ஏறியிருக்கக்கூடியவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பின்தான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்கியது. மேடையில் கிடைப்பது சில நிமிடங்கள்; அந்த நிமிடங்களில் என்ன சொல்வது என்பதில் எங்கள் குழுக்களுக்குள் ஒற்றுமை இல்லை. காணாமல் போனவர்களின் குடும்பத்தார், பொறுப்பானவர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டும் என்றார்கள். ஆசிரியர்களோ, அப்படிச் செய்தால் திரும்பி வந்த பிறகு இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்க முடியாது என்றார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகக் கூட்டம் நடத்தி, உரையை வரிவரியாகப் படித்துக் காட்டி, எல்லோரும் ஒப்புக்கொண்டதை மட்டும் மேடை உரையில் வைத்தோம். குடும்பத்தாரின் குற்றச்சாட்டு, அவர்கள் கையொப்பத்துடன் தனி அறிக்கையாகச் சென்றது. அது மறைக்கப்படவும் இல்லை, மற்றவர்கள் தலையில் சுமத்தப்படவும் இல்லை.

இதைக் கோழைத்தனம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள், இப்போதும் சொல்லக்கூடும். அவர்களுக்கு 1915-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போரிடும் நாடுகளிலிருந்தும் நடுநிலை நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடினார்கள். அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். போருக்கு எந்த நாடு பொறுப்பு, யார் எப்படிப் போரிடுகிறார்கள் என்பவற்றை அங்கே விவாதிப்பதில்லை என்று முன்கூட்டியே விதி வகுத்திருந்தார்கள். அந்த விதி இல்லாமல் படையெடுத்த ஜெர்மனியின் பெண்களும் அதற்கு ஆளான பெல்ஜியத்தின் பெண்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கக் குழுவினர் கப்பலில் வரும்போதே தீர்மானங்களின் வரைவை எடுத்து வைத்துக்கொண்டு விவாதித்தார்கள். நீங்களும் மாநாட்டின் வரைவு ஆவணங்களை முன்னதாகவே கேட்டு வாங்கி, செல்லாதவர்களும் படிக்கும்படி உங்கள் மொழியில் சுருக்கி வையுங்கள்.

அதே மாநாட்டிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 180 பெண்கள் வர விரும்பினார்கள். பெரும்பாலோருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது, பிறகு கடல்வழிப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது. முன்பே வெளியே இருந்தவர்களும் அமெரிக்கக் குழுவோடு வந்தவருமாக மூன்று பேர் மட்டுமே கலந்துகொண்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வாயில் காப்பவர்களின் போக்கு பெரிதாக மாறவில்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு விசா மறுக்கப்பட்டது. அழைப்புக் கடிதம், தங்குமிட உறுதி, செலவை ஏற்பவரின் கடிதம் என எல்லாம் இணைத்திருந்தும், அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இளம் வயது, மணமாகாதவர், பெயரில் சொத்து இல்லை. இவையே அவர் குற்றங்கள் போலும். அமைதிக்காக உழைக்கும் இளைஞர்களை அழைக்கிறோம் என்று மாநாடுகள் அறிவிப்பதும், அந்த இளைஞர்களையே தூதரக முகப்புகள் சந்தேகத்தோடு திருப்பி அனுப்புவதும் ஒருங்கே நடப்பதை எந்த அறிக்கையும் கண்டிப்பதாக எனக்குத் தெரியவில்லை. இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது என்பதை அறிவேன். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாற்றுப் பேராளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே எல்லாக் கூட்டங்களிலும் உட்கார வைத்திருந்ததால் எங்கள் தலைவி தனியாகச் செல்ல நேரவில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

மாநாடு ஐ.நா. சார்ந்தது என்றால் பதிவு விதிகளையும் கவனிக்க வேண்டும். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி, அதாவது அதன் கூட்டங்களில் பங்கேற்கும் அங்கீகாரம், பெற ஓர் அமைப்பு பதிவு பெற்றுக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சிறிய குழுக்கள் பெரும்பாலும் தகுதி பெற்ற வேறோர் அமைப்பின் பெயரில்தான் உள்ளே செல்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் நுழைவு அட்டை தந்தவர்கள் உரையையும் திருத்த உரிமை கோருவார்கள். எங்கள் தலைவியிடம், இரு சமூகத்தாருக்கும் இடையே எங்கள் சமரச முயற்சி எப்படி நடக்கிறது என்பதை விட்டுவிட்டு இழப்பைப் பற்றி மட்டும் உருக்கமாகப் பேசச் சொன்னார்கள். அவர் மறுத்தார். கண்ணீர் சிந்துவதற்காகத் தம்மை யாரும் அனுப்பவில்லை, செய்ததைச் சொல்லவே அனுப்பினார்கள் என்று அவர் அங்கேயே சொன்னார். உரையை எல்லாக் குழுக்களும் சேர்ந்து இறுதி செய்திருந்ததால் அவரால் அப்படி உறுதியாக நிற்க முடிந்தது. புகைப்படம், சாட்சியம் ஆகியவற்றை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் புறப்படும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பின் மிரட்டலுக்கு ஆளாகக்கூடியவர்கள் உங்களில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

வெளிநாடு பார்க்கும் ஆசையில் போகிறார்கள் என்ற பேச்சு உங்களைப் பற்றியும் எழும். நாங்கள் செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டோம். அதைவிட, திரும்பி வந்ததும் எந்தெந்தக் குழுவில் யார் என்ன அறிக்கை தர வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன்பே குறித்து வைத்தது அதிகம் உதவியது. ஹேக் பெண்களும் 20 தீர்மானங்களை நிறைவேற்றியதோடு கலைந்துவிடவில்லை. பேராளர்கள் குழுக்களாகப் பிரிந்து லண்டன், பெர்லின், வியன்னா, பெட்ரோகிராடு (அன்றைய ரஷ்யத் தலைநகர்) எனத் தலைநகரம் தலைநகரமாகச் சென்று அவற்றை ஆட்சியாளர்களிடம் நேரில் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று. இறுதிப் பிரகடனம் பெரும்பாலும் மாநாட்டின் முடிவில், எல்லோரும் களைத்திருக்கும் வேளையில் கையொப்பத்துக்கு வரும். எந்தெந்தக் கருத்துகளுக்கு உங்கள் பேராளர் தாமே ஒப்புதல் தரலாம், எவற்றுக்கு உங்களைக் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாக் குழுக்களின் ஒப்புதலோடு அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஊரில் இருவரை நியமித்து வையுங்கள்.