கிதாருக்கு ஈடுகொடுத்த கீபோர்டு

கேள்வி: ஹெவி மெட்டல் என்றாலே கிதாரும் டிரம்ஸும்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால், ஃபின்லாந்தின் ‘சில்ட்ரன் ஆஃப் போடம்’ குழுவின் பாடல்களில் கீபோர்டு இவ்வளவு முன்னால் ஒலிக்கிறதே! அதை வாசித்தவர் யார்? இப்போது என்ன செய்கிறார்?

பதில்: அவர் பெயர் யான்னே விர்மான். 1979 ஏப்ரலில் பிறந்த அவர், ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போ நகரில் உருவான அந்தக் குழுவில் 1997ஆம் ஆண்டு, தமது 18ஆவது வயதில் சேர்ந்தார். குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

மெட்டல் இசையில் கீபோர்டு தனித்துக் கேட்பது எளிதல்ல. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் உத்தி) ஏற்றிய இரண்டு கிதார்கள் நடுத்தர ஒலி அலைவரிசையை முழுக்க நிரப்பிவிடுவதால், நீண்ட கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் கீபோர்டு அவற்றின் அடியில் அமிழ்ந்துவிடும். விர்மான் இதற்குக் கண்ட வழி, கிதார் செய்யும் வேலையையே கீபோர்டில் செய்வது. கூர்மையான சிந்தசைசர் ஒலியில் வலக்கை ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் ஓடவிட, இடக்கை பிட்ச் பெண்ட் சக்கரத்தை அசைத்து, கிதார்க் கம்பியை இழுத்ததைப் போல ஸ்வரத்தை வளைக்கும். குழுவின் பாடகரும் முன்னணிக் கிதார்க் கலைஞருமான அலெக்ஸி லைஹோ ஒரு வரியை வாசித்து முடித்ததும், விர்மான் அதே வேகத்தில் மறுவரி தொடுப்பார். பிறகு இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள். மேடையில் கீபோர்டை ரசிகர்களை நோக்கிச் சாய்த்து நிறுத்தியிருப்பதால் அவர் விரல்களின் ஓட்டத்தைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது. அந்தக் குழுவின் தனித்தன்மையில் சரிபாதி இந்தப் போட்டா போட்டியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

குழு வெளியிட்ட 10 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் கீபோர்டு அவருடையதே. 2003இல் வந்த ‘ஹேட் க்ரூ டெத்ரோல்’ ஃபின்லாந்து ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 2019 டிசம்பரில் ஹெல்சின்கியில் நடந்த நிகழ்ச்சியோடு அந்த அணி பிரிந்தது. ஓராண்டு கழிந்து, 2020 டிசம்பரில் லைஹோ 41 வயதிலேயே காலமானார். அந்த இணையை மீண்டும் மேடையில் பார்க்க வாய்ப்பில்லாமல் போனது மெட்டல் ரசிகர்களுக்கு ஆறாத இழப்பு.

விர்மானுக்கு ‘வார்மென்’ என்ற சொந்தக் குழுவும் உண்டு. அதன் முதல் ஆல்பம் 2000இல் வெளிவந்தது. அவருடைய சகோதரர் ஆன்ட்டி விர்மான் அதில் கிதார் வாசிக்கிறார். தொடக்கத்தில் பெரும்பாலும் பாடலில்லா இசையை வழங்கிய அக்குழு, 2023இல் வெளிவந்த ‘ஹியர் ஃபார் நன்’ ஆல்பத்தில் ‘என்சிஃபெரம்’ என்ற ஃபின்லாந்து மெட்டல் குழுவின் பெட்ரி லின்ட்ரூஸைப் பாடகராகக் கொண்டு, போடம் காலத்து முரட்டு ஒலிக்கு நெருங்கி வந்திருக்கிறது. ஆனாலும், விர்மானைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 2000இல் வெளியான ‘சில்ட்ரன் ஆஃப் போடம்’ குழுவின் ‘ஃபாலோ தி ரீப்பர்’ ஆல்பத்திலிருந்து தொடங்குவதே நல்லது.