ஸ்டூடியோக்காரர் மகள் பட ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெங்களூர் சிவாஜிநகரில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறீர்கள். மகள் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் கடைசி ஆண்டு. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு மென்பொருள் நிறுவனம் வேலைக்கான கடிதத்தையும் கொடுத்துவிட்டது. அவளோ அதை ஒதுக்கிவிட்டு, டிஜிட்டல் படம், வீடியோ பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். “போட்டோவை நம்பி நான் பட்டது போதாதா? செல்போன் வந்து என் பிழைப்பைத் தின்றது. ஏஐ வந்து அவள் பிழைப்பையும் தின்னுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அனுப்பலாம். ஆனால் இந்த ஆண்டே நேராக முனைவர் பட்டத்துக்கு வேண்டாம். அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதற்கு வேண்டிய சரக்கு உங்கள் கடையிலேயே கிடக்கிறது.

இந்தத் துறையை உங்களுக்கு அந்நியமான ஏதோ கணினிப் படிப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் அதற்குள்ளேயே வாழ்ந்தவர். போட்டோஷாப்பில் படத்தைக் கூர்மையாக்க ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று ஒன்றை அழுத்துவீர்களே, அது இருட்டறையிலிருந்து வந்த பெயர். நெகட்டிவிலிருந்து மங்கலான பாசிட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து பிரிண்ட் போடுவார்கள். மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது கூர்மை. கணினி இன்று செய்வதும் அதே கழித்தல்தான். அதுபோல, சின்னக் கட்டம் போட்ட சட்டையில் மாப்பிள்ளை வந்து நின்றால் வீடியோவில் துணிமேல் அலை அலையாக ஏதோ நெளியும். வேறு சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பீர்கள். கோடுகளின் நெருக்கம் கேமராவின் பிக்சல் நெருக்கத்தை மிஞ்சும்போது நடக்கும் கோளாறு அது. உங்கள் மகள் ‘சிக்னல்ஸ்’ பாடத்தில் அதைச் சமன்பாடாகப் படித்திருப்பாள். நீங்கள் கண்ணால் கண்டதும் அவள் காகிதத்தில் கண்டதும் ஒன்றே என்று வீட்டில் யாரும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, நம் ஊர்க் கதை. கே.ஆர். சர்க்கிளில் விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரி இருக்கிறதல்லவா, அங்கே 1961-ல் பட்டம் பெற்றவர் நசீர் அகமது. பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தபோது, 1972-ல், படத்தைச் சுருக்குவதற்கு ஒரு கணித வழியை ஆராய நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அடுத்த கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்தார். தன் மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். படங்களைச் சுருக்கிச் சேமிக்க 1992-ல் வந்த ‘ஜேபெக்’ முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் செய்வது அவருடைய அந்தக் கணக்கைத்தான். வீடியோவைச் சுருக்கும் முறைகளும் அதன்மேல் எழுந்தவை.

அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றினால் உங்கள் கல்யாண வீடியோவையே கணக்குப் போடுங்கள். 1920-க்கு 1080 பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட். ஒரு பிரேமுக்கு 62 லட்சம் பைட். நொடிக்கு முப்பது பிரேம் என்றால் சுமார் 187 எம்பி. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 670 ஜிபி. நீங்களோ முகூர்த்தம் முழுவதையும் 64 ஜிபி கார்டில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள்.

சரி, ஏஐ. உங்கள் பயத்தை வீண்பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். 2012-ல் ஒரு சர்வதேசப் போட்டியில், படத்தில் இருக்கும் பொருள் எது என்று கண்டுபிடிக்கும் வேலையில், நரம்பியல் வலைப்பின்னல் (படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி முறை) ஒன்று 15.3 சதவீதப் பிழையுடன் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்த பழைய பாணி முறைக்குப் பிழை 26.2 சதவீதம். அதுவரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் கைவேலையாகச் செதுக்கிய எத்தனையோ உத்திகள் அதன்பின் மூலைக்குப் போயின. முகத்தைக் கண்டுபிடிப்பது, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது போன்ற தலைப்புகளில் இன்று புதிதாக ஆராய்ச்சி தொடங்குவது, எல்லோரும் கடைபோட்ட தெருவில் இன்னொரு கடை போடுவது மாதிரி.

இடம் எங்கே மிச்சமிருக்கிறது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். கிழிந்த படத்தைக் கொண்டுவந்து, தாத்தாவின் வலது கண்ணைச் சரிசெய்து கொடுங்கள் என்று ஒருவர் கேட்கிறார். கண் இருந்த இடத்தில் காகிதமே இல்லை. நீங்கள் இடது கண்ணைப் பார்த்து ஊகத்தில் வரைகிறீர்கள். நேர்மையான ஸ்டூடியோக்காரர் என்றால், “இது நான் வரைந்தது” என்று சொல்லித்தான் கொடுப்பீர்கள். ஏஐயும் அப்படித்தான் வரைகிறது, ஆனால் சொல்வதில்லை. மங்கலான முகத்தைக் கொடுத்தால் இமைமுடி வரை தெளிவாக ஒரு முகத்தைத் திருப்பித் தருகிறது. அந்த இமைமுடி அந்த மனிதருக்கு இருந்ததா என்று அதற்குத் தெரியாது. சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். ஸ்கேன் படத்தில் இல்லாத கட்டியை வரைந்தாலோ, இருக்கும் கட்டியை அழகாக மெழுகிவிட்டாலோ என்ன ஆகும்? காவல்துறை நீதிமன்றத்தில் காட்டும் வண்டி எண்ணில் மூன்றை எட்டாக்கினால்? மீட்டது எது, கற்பனையாக வரைந்தது எது என்று பிரித்துச் சொல்வது இன்னும் தீராத பிரச்சினை. என் கணிப்பில் உங்கள் மகளின் தலைமுறைக்கு இந்தத் துறையில் சோறு போடப்போவது அதுதான்.

மருத்துவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கணினியே கண்டுபிடிக்கும் ஆய்வு ஒன்றை கூகுள் குழுவினர் 2016-ல் வெளியிட்டார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, நம் ஊர் நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அதில் பயன்பட்டன. கணினிக்குக் கற்றுக்கொடுக்க 1,28,175 படங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை வரை கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒரு தடவை போதாதா? போதாது. ஒரே படத்தைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கணினிக்குச் ‘சரியான விடை’யாக எதைக் கொடுப்பது என்பதே ஓர் ஆராய்ச்சி.

பெங்களூரில் இதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் வேறெந்த ஊரையும்விட இங்கே அதிகம் என்றே நினைக்கிறேன். ஸ்கேன் இயந்திரம் செய்யும் ஜிஇ, பிலிப்ஸ், சீமென்ஸ். செல்போன் கேமராவுக்கும் சிப்புக்கும் மென்பொருள் எழுதும் சாம்சங், குவால்காம். காருக்குக் கண் வைக்கும் பாஷ், மெர்சிடிஸ் எல்லாவற்றுக்கும் இங்கே ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. சி.வி. ராமன் நகரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் மையம் இருக்கிறது. இஸ்ரோ என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: செயற்கைக்கோள் படங்களோடு நேரடியாக மல்லுக்கட்டும் பெரிய மையங்கள் அகமதாபாத்திலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. சந்திரயான்-3 இறங்கும்போது பள்ளம் மேடு பார்த்து இடம் சொன்ன கேமராவைச் செய்ததும் அகமதாபாத் மையம்தான். மகள் இஸ்ரோவுக்குப் போனால் பெங்களூரிலேயே இருப்பாள் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனி படிப்பு. மல்லேஸ்வரம் பக்கம் பழைய ஆட்கள் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்பார்களே, அந்த இந்திய அறிவியல் கழகத்தில் இந்தத் துறை ஒரே கட்டடத்தில் இல்லை. மின்பொறியியல், மின்னணுத் தொடர்பியல், கணினி, கணக்கீட்டு அறிவியல் என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. விண்ணப்பிக்கும்போது துறைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்தப் பேராசிரியர் எதில் வேலை செய்கிறார் என்று அவர்களுடைய கட்டுரைகளைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஐஐஐடி பெங்களூரையும் பார்க்கலாம்.

இந்திய அறிவியல் கழகம் பொறியியல் பட்டம் முடித்தவர்களை நேரடியாகவே முனைவர் பட்டத்துக்கு எடுக்கிறது. ஆனால் நான் சொல்வது எம்.டெக். (ரிசர்ச்). பாடங்கள் குறைவு, ஆய்வேடு பிரதானம். பிடித்துப்போனால் அங்கேயே முனைவர் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பிடிக்காவிட்டால் முதுநிலைப் பட்டத்தோடு மரியாதையாக வெளியே வரலாம். இந்த எச்சரிக்கை என் சொந்தப் பிழையிலிருந்து வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை நேராக முனைவர் படிப்புக்கு அனுப்பிவைத்தேன். மதிப்பெண் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். விடை தெரிந்த கேள்விகளில் அவன் சூரன். ஆறு மாதம் ஒரே பிழையோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று நான் அவனைக் கேட்டிருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

பணக் கணக்கு: கேட் என்னும் பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகை 12,400 ரூபாய். முனைவர் படிப்பு என்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டபடி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000; பிறகு 42,000. கையில் இருக்கும் வேலையோடு ஒப்பிட்டால் முதல் சில ஆண்டுகள் கை கடிக்கும், அதை மறைத்துப் பயனில்லை. வீட்டுக் கடன் அவள் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கிறது என்றால் என்னிடம் சொல்லுங்கள், அப்போது என் பதில் மாறும்.

கேட் பிப்ரவரியில் வரும். எலக்ட்ரானிக்ஸ் தாளையே எழுதட்டும். 2024-ல் தொடங்கிய தரவு அறிவியல் தாளும் இருக்கிறது, ஆனால் நான்கு ஆண்டு படித்ததை விட்டுவிட்டு ஓடுவானேன்? மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே வேலையை இப்போதே உதற வேண்டாம். தேர்வு எழுதிவிட்டு வேலையில் சேர்ந்து, அடுத்த ஆண்டுகூட விண்ணப்பிக்கலாம். ஒன்றே ஒன்று: வேலைக் கடிதத்தில் பாண்ட் இருக்கிறதா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

நேர்முகத் தேர்வில் புதிய மென்பொருள் பெயர்களை அடுக்கினால் யாரும் மசிய மாட்டார்கள். பிடித்த பாடம் எது என்று கேட்டு, பலகையில் எழுதச் சொல்லி, வேர்வரை தோண்டுவார்கள். அணிகள் (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு, சிக்னல் மூன்றும் கைக்குள் இருக்க வேண்டும். லட்சம் ரூபாய்க்கு ஆறு மாத ஏஐ வகுப்பு என்று பிட் நோட்டீஸ் கொடுக்கிறவர்களிடம் போக வேண்டாம். டிஜிட்டல் படச் செயலாக்கம் பற்றி ஐஐடி கரக்பூர் பேராசிரியர் பி.கே. பிஸ்வாஸ் நடத்திய பாடம் முழுவதும் என்பிடெல் என்னும் இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்டை ரெடிமேடாக விற்கும் கடைகளையும், காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களையும் அண்ட வேண்டாம். நேர்முகத் தேர்வில் பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

இப்போது அந்தச் சோதனை. உங்கள் கடை ஷோகேஸில் வெயில் பட்டு வெளுத்த பழைய கலர் படங்கள் இருக்கும். அதே படத்தின் இன்னொரு பிரதி பெட்டிக்குள் இருளில் கிடக்கும். ஒரே நெகட்டிவ், ஒரே நாளில் போட்ட பிரிண்ட், இரண்டு விதமான முதுமை. இப்படி ஜோடி ஜோடியாகக் கிடைப்பது அபூர்வம்; பல ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்காது. கலர் பிரிண்டில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள் உண்டு, மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. இருட்டில் கிடந்த பழைய படம் செம்பழுப்பாவது பெரும்பாலும் நீலப்பச்சை முதலில் போவதால்தான். ஷோகேஸ் படம் வேறு மாதிரி வெளுத்திருக்கும்.

ஐம்பது ஜோடிகளை ஸ்கேன் செய்யட்டும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் அணைந்திருக்க வேண்டும். எந்த அடுக்கு எவ்வளவு போனது என்று அளந்து, வெளுத்ததிலிருந்து நல்லதைத் திரும்பக் கணக்கிட ஒரு முறையை அவளே எழுதட்டும். பிறகு ஒரு ஆயத்த ஏஐ கருவியிடமும் கொடுத்து, புடவை நிறத்தை யார் சரியாகச் சொன்னார்கள் என்று ஒப்பிடட்டும். அந்தப் புடவையைப் படம் பிடித்தவர் நீங்கள், உங்களையும் சாட்சியாகக் கூப்பிடலாம். வாடிக்கையாளர் முகங்களை அவர்களைக் கேட்காமல் எந்த இணையக் கருவியிலும் ஏற்றக் கூடாது. முதலில் உங்கள் குடும்பப் படங்களில் தொடங்குங்கள்.

மூன்று மாதம் கொடுங்கள். முடிவு பிரமாதமாக வர வேண்டும் என்பதில்லை. எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கத்தை ஆர்வமாக எழுதினாள் என்றால் ஆராய்ச்சிக்கு அனுப்புங்கள். மூன்றாவது வாரமே ஸ்கேனரில் தூசி படிந்தால் வேலைக்கு அனுப்புங்கள், அதிலும் குறைவொன்றும் இல்லை.

படிப்பு முடிய இருபத்தேழு வயதாகிவிடும், கல்யாணம் எப்போது என்று உங்கள் அக்கா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அக்காவிடம்தான் பதில் சொல்ல வேண்டும், என்னால் ஆகாது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்தில் இருப்பேன். மகளை அழைத்துவாருங்கள். வேலைக் கடிதத்தையும், ஷோகேஸிலிருந்து ஒரு படத்தையும் அதன் பெட்டிப் பிரதியையும் கொண்டுவாருங்கள்.